அம்மா உதறிய சட்டை

கண்டி ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு அப்பாவின் தொழிலைக் கேட்டபோதே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. படுத்திருப்பது அம்மா. நெஞ்சில் நீர் கோத்து, ஊசி போட்டு எடுத்தும் மறுபடி கோத்து, மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிறாள். அப்பா என்ன வேலை செய்தால் இந்த ஆளுக்கு என்ன? நோய் பிடிபடாதவர்கள்தான் இப்படிச் சுற்றி வளைப்பார்கள் என்று நினைத்தேன்.

"கூரை வேலைங்க. அஸ்பெஸ்டஸ் தகடு வெட்டிப் போடுவாரு, நான் பொறக்குறதுக்கு முந்தியிருந்தே. ஆனா அவரு கல்லு மாதிரி இருக்காரு. நோயாளி அம்மாதான்."

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். நிதானமாகக் கேட்டார்: "அவரின்ர உடுப்பை ஆர் தோய்க்கிறது?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வேற யாரு, அம்மாதான்! எங்க வீட்டு அழுக்கு உங்களுக்கு எதுக்கு டாக்டர்?"

ஹந்தானைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே தண்ணீர்ப் பீலி, ஒரே குழாய். தூசிச் சட்டையை அப்படியே நனைத்தால் வாளித் தண்ணீர் வீணாகிவிடும். அதனால் முதலில் வாசலில் நின்று உதறுவதுதான் எங்கள் பழக்கம். குண்டசாலையில் யார் வீட்டுக்கோ தகடு வெட்டிவிட்டு வந்து அப்பா சட்டையைக் கழற்றிப் போட்டதும், அம்மா அதைத் தூணில் நாலு அடி அடிப்பாள். வெள்ளையாகப் பறக்கும். "இந்த மனுசன் மாவு மில்லுலயா வேல செய்றாரு?" என்று முந்தானையால் முகத்தைத் துடைப்பாள்.

"அந்தத் தூசியில கண்ணுக்குத் தெரியாத நார் இருக்கு," என்றார் டாக்டர். "மூச்சோட உள்ளுக்குப் போய், நுரையீரலைச் சுத்தியிருக்கிற சவ்வில தங்கியிடும். கன வருசம், இருபது முப்பது வருசம் கழிச்சுப் புற்றுநோயா வரும். மீசோதீலியோமா எண்டு சொல்லுவம். சுகப்படுத்துறது கஷ்டம், பிள்ளை."

அதுவரை அம்மாவின் நோய்க்கு அடுப்புப் புகை, வெற்றிலை, பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரியின் கண்ணூறு என்று எதையும் நான் பழி சொல்லாமல் விட்டுவைக்கவில்லை. சட்டை ஞாபகத்துக்கே வரவில்லை. பாவி, அந்தத் தூணை அன்றே பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது.

அன்று பின்னேரம் அப்பா வேலையிலிருந்து நேரே வந்து கட்டிலில் குனிந்தார். தோளில் வெள்ளைத் தூசி. அம்மாவின் கை தன்பாட்டில் எழுந்து அதைத் தட்டத் தொடங்கியது.

"தட்டாதம்மா!" கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

அப்பாவை வெளியே கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் குளித்து, புதுச்சட்டை போட்டு வந்தார். அப்படியும் கட்டிலுக்குக் கிட்டப் போகாமல் வார்டு வாசலிலேயே நின்றார்.

"என்னத்துக்கு அங்கேயே நிக்கிறீங்க? கிட்ட வாங்க," என்று அம்மா கூப்பிட்டாள். அவர் வரவில்லை.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "இந்த மனுசன் என்னமோ மறைக்கிறாரு. என்னான்னு கேளு."