ஏலாதவை என்றொரு பட்டியல்

நேர்முகப் பரீட்சையில், "பல்கலைக்கழகத்தில் என்ன கற்றுக்கொண்டீர்கள்?" என்று மனேஜர் கேட்டபோது, தலைமைத்துவம், குழுப்பணி, நேர முகாமைத்துவம் என்று மூன்று பொய்களை மூச்சுவிடாமல் சொன்னேன். அவரும் மூன்றையும் மரியாதையாக எழுதிக்கொண்டார். கண்டிக்குப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் புவியியல் படித்தவள் நான். ஆறுகளைப் பற்றி நான் எழுதிய பக்கங்களைக் கிழித்து ஆற்றிலேயே விட்டிருக்கலாம். உருப்படியாகக் கற்றது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொன்னால் வேலை கிடைக்காது, ஏனென்றால் அதில் விடுதிச் சட்டத்துக்கு விரோதமான ஒரு ரைஸ் குக்கர் சம்பந்தப்பட்டிருந்தது.

விடுதி அறையில் நாங்கள் நான்கு பேர். தேயிலைத் தோட்டத்திலிருந்து போன நான், யாழ்ப்பாணத்துக்காரி ஒருத்தி, மடவளையிலிருந்து ஒரு முஸ்லிம் பெண், கலகெதரையிலிருந்து ஒரு சிங்களப் பெண். குக்கரை ஒரு பழைய துவாயில் சுற்றி அலுமாரியின் அடித்தட்டில் படுக்க வைத்திருந்தோம். முதல் வாரம் எங்களுக்குள் மரியாதை பொங்கி வழிந்தது. என்ன சமைப்போம் என்று யார் கேட்டாலும் மற்ற மூவரும், "எதுவானாலும் பரவாயில்லை" என்போம்.

அதை நம்பி யாழ்ப்பாணத்துக்காரி ஒரு வெள்ளிக்கிழமை சோறும் நெத்தலிக் கறியும் சமைத்தாள். ருசிக்கு ஒரு சூப் கட்டியும் போட்டிருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் எனக்கு மரக்கறி மட்டும்தான். அதைச் சொல்லக் கூச்சப்பட்டு வயிற்றுவலி என்றேன். மடவளைக்காரி சூப் கட்டியின் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஹலால் முத்திரை இல்லை. பசியில்லை என்றாள். கலகெதரைக்காரிக்கு அன்று போயா, பௌர்ணமி தினம், சில் விரதம் எடுத்திருந்ததால் நண்பகலுக்குப் பிறகு சாப்பாடு கிடையாது. அவள் தலைவலி என்றாள். மூன்று நோயாளிகளுக்கு நடுவில் சமைத்தவள் மட்டும் பானையோடு உட்கார்ந்திருந்தாள்.

"நீங்கள் மூண்டு பேரும் நல்ல பிள்ளையள்தான். ஆனா உங்கட நல்ல குணத்தால நாலு பேற்ற சோத்தையும் நான் தின்ன வேண்டிக்கிடக்கு. இனி என்ன வேணும் எண்டு ஒருத்தரிட்டயும் கேக்க மாட்டன். ஏலாததைச் சொல்லுங்கோ!"

அன்றே அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒரு பட்டியல் ஒட்டப்பட்டது. தலைப்பு, ஏலாதவை. வேண்டியதைக் கேட்டால் மனிதர்கள் நாகரிகத்துக்காகப் பொய் சொல்வார்கள், ஆகாததைக் கேட்டால் உண்மை தானாக வரும். பட்டியல் எழுதிய யாழ்ப்பாணத்துக்காரியின் ஏலாதது, தூள் போடாத கறி. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தபோது மிஞ்சியது பருப்பும் உருளைக்கிழங்கும். மிச்சக் காலம் முழுவதும் அதைத்தான் தின்றோம். பருப்பு யாருடைய மதத்தையும் புண்படுத்தியதில்லை.

எனக்கு வேலை கிடைத்தது கட்டுகஸ்தோட்டையில், ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை நிலையத்தில். சின்னக் கிளை. இரத்தம் எடுக்க இரண்டு பேர். ஒருவர் சிங்கள அக்கா, மற்றவர் ஒரு முஸ்லிம் இளைஞர். கவுன்டரும் கடிதங்களும் கடமை அட்டவணையும் என் பொறுப்பு. ஆறு மாதம் தகுதிகாண் காலம், அதன் பிறகு நிரந்தரக் கடிதம். ஆனால் முதல் மாதமே அப்பா தோட்டக் குடியிருப்பில் லயம் லயமாகப் போய், "மகளுக்கு நிரந்தரம் ஆகிருச்சு" என்று சொல்லிவிட்டார். கடிதம் வராவிட்டால் எனக்குப் போவது வேலை மட்டும். அவரால் தோட்டத்தில் தலைகாட்ட முடியாது.

ஆறாவது மாதம் சித்திரையில் வந்து விழுந்தது. அந்த வருடம் நோன்புப் பெருநாளும் புதுவருடமும் ஒரே வாரத்தில். மனேஜர் பிலிமத்தலாவைக்காரர். எனக்கு விளங்கவேண்டும் என்று சிங்களத்தை மெதுவாகப் பேசுவார், ஏசும்போது மட்டும் வேகமாகிவிடும். "அந்த வாரம் இரத்தம் எடுக்க ஆள் இல்லாமல் ஒரு மணி நேரம்கூடப் போகக் கூடாது. போனால் கடிதத்தைப் பற்றி அடுத்த வருடம் பேசுவோம்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

இருவரிடமும் எந்த நாள் லீவு வேண்டும் என்று கேட்டேன். "மிஸ்ஸுக்கு வசதியான மாதிரி போடுங்க" என்றார்கள் இருவரும். எனக்கு நெத்தலிக் கறி ஞாபகம் வந்துவிட்டது. உடனே கேள்வியை மாற்றினேன்.

அக்கா சொன்னார்: புதுவருடத்தன்று புண்ணிய காலம் காலை ஏழு மணிக்குத் தொடங்குகிறது, மத்தியானம் சுபநேரம் வரும்வரை எந்த வேலையும் ஆகாது. "அடுப்பே மூட்ட மாட்டோம் மிஸ், ஊசி எப்படிக் குத்துறது?"

இளைஞர் தலையைச் சொறிந்தார். "பெருநாள் கழிஞ்சு ரெண்டாம் நாள் கலகெதரைக்கி, மாமி ஊட்டுக்குப் போகணும் மிஸ். போகாட்டி பொஞ்சாதி என்னய ஊட்டுக்குள்ள எடுக்க மாட்டா." பெருநாள் என்றைக்கு என்று கேட்டேன். பிறை பார்த்தால்தான் தெரியும் என்றார்.

ஆகவே அட்டவணையில் இரண்டு பத்திகள் போட்டேன். ஒன்று, பிறை தெரிந்தால். மற்றது, பிறை தெரியாவிட்டால். மனேஜர் அதைக் கண்ணாடி போட்டும் பார்த்தார், கழற்றியும் பார்த்தார். "இத்தனை வருட நிர்வாகத்தில் சந்திரனுக்கு ஷிஃப்ட் போட்ட ஆளை இப்போதுதான் காண்கிறேன்" என்று கையெழுத்து வைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நான்கு வருடம் பருப்புத் தின்றது வீண்போகவில்லை என்று நினைத்தேன்.

பிறை தெரியவில்லை. பெருநாள் ஒரு நாள் தள்ளிப்போக, மாமி வீடும் கூடவே தள்ளிப்போய்ச் சரியாகப் புதுவருடக் காலையில் விழுந்தது. பதறவில்லை. இரண்டாம் பத்தியில் அந்தக் காலைக்கு ஏற்கெனவே ஆள் போட்டிருந்தேன். என்னையே போட்டிருந்தேன். புதுவருடத்துக்குத் தலையில் மருத்துநீர் வைக்க மத்தியானத்துக்குப் பிறகு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, ஏழு மணிக்குப் பெருமையோடு கதவைத் திறந்தேன்.

ஏழரைக்கு மடவளையிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். வெறும் வயிறு, சீனி பார்க்க வேண்டும். பணிவாகக் கதிரையில் உட்கார்ந்து, சட்டைக் கையைச் சுருட்டி, மேசைமேல் நீட்டினார். நான் அந்தக் கையைப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது, நான் படித்தது புவியியல்.

அக்காவுக்கு ஏலாதது எழுதினேன், இளைஞருக்கு ஏலாதது எழுதினேன், சந்திரனுக்குக்கூட ஒரு பத்தி ஒதுக்கினேன். இரத்தம் எடுக்க எனக்கு ஏலாது என்பதை எழுதவில்லை. ஊர் ஏலாமையை எல்லாம் கணக்கெடுத்தவளுக்குத் தன் ஏலாமை தெரியவில்லை.

"என்ன மகள் பாக்கிறீங்க? எடுங்களே" என்றார் அவர்.

"எனக்கு ஊசி போடத் தெரியாதுங்க."

அவர் கையை மடக்கவில்லை. "ஒரு மாசம் அல்லாஹ்வுக்காக நோன்பு புடிச்சேன். இப்ப இது யாருக்காக மகள்?"

இளைஞருக்கு ஃபோன் போட்டேன். மாமி வீட்டில் சாப்பாட்டுக்கு உட்காரப்போகிறாராம். வருகிறேன், ஆனால் மாமியிடம் நீங்களே சொல்லுங்கள் என்று ஃபோனைக் கொடுத்துவிட்டார். முகம் தெரியாத ஒரு மாமியாரிடம் மருமகனைக் கடன் கேட்டேன். "போய்ட்டு வரட்டும், ஊசி தானே. சாப்பாட்ட மூடி வெக்கிறேன்" என்றார் அவர். நல்ல மனுஷி. இருந்தாலும் கலகெதரையிலிருந்து மோட்டார் சைக்கிளில் இளைஞர் வந்து சேர்வதற்குள் ஒரு மணி நேரம் தாண்டிவிட்டது. வியாபாரி மூன்று தரம் கடிகாரத்தையும் ஒரு தரம் என்னையும் பார்த்தார்.

அந்த இடைவெளியில் மனேஜர் அழைத்தார். "திறந்திருக்கிறதா?" திறந்திருக்கிறது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எதிரே நீட்டியபடி இருந்த கை விடவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

மனேஜர் மெதுவாகவே பேசினார். "எங்கள் வீட்டில் இப்போது புண்ணிய காலம். வேலை ஒன்றும் செய்யக் கூடாது. உங்களை ஏசுவது என் வேலை. சுபநேரம் வரட்டும்." வைத்துவிட்டார்.

இளைஞர் வந்து இரத்தம் எடுத்தார், வியாபாரி டீ குடித்து, "பரவால்ல மகள்" என்று போனார், இளைஞரும் மாமி வீட்டுக்குத் திரும்பினார். இனி யாரும் ஊசிக்கு வந்துவிடக் கூடாதே என்று கதவைப் பார்த்தபடி இருந்தேன், நல்லகாலம், வரவில்லை. மனேஜர் ஏசுவதென்றால் அப்போதே ஏசித் தொலைத்திருக்கலாம். அப்பாவிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் எழுதி எழுதி அழித்தேன்.

மத்தியானம் சுபநேரத்துக்குக் கட்டுகஸ்தோட்டை முழுவதும் பட்டாசு வெடித்தது. வெடி ஓய்வதற்குள் ஃபோன் அடித்தது. மனேஜருக்குப் பின்னால் ஒரு பெண்குரல், வருடத்தின் முதல் வேலை, வாயில் நல்ல சொல் வரவேண்டும், இல்லாவிட்டால் வருடம் முழுக்க அதே சொல்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தது. மனேஜர் தொண்டையைச் செருமினார். நல்ல சொல்லைத் தேடி அவர் பட்ட பாடு எனக்குக் கேட்டது.

"உங்கள் வேலை நிரந்தரம். கடிதம் திங்கட்கிழமை" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் அழுதுவிட்டேன். கவுன்டரில் தலையை வைத்து, மூக்கு ஒழுக, சந்தோஷமாக அழுதேன்.

பத்து நிமிடத்தில் மறுபடியும் அழைத்தார். "சுப வேலை முடிந்தது. இப்போது கேளுங்கள்" என்றார். சிங்களம் வேகமெடுத்தது. பாதிதான் விளங்கியது, விளங்கிய பாதியில் ஒரு சொல்லும் அநியாயமில்லை. எழுந்து நின்று கடைசிவரை கேட்டேன். நிரந்தர ஊழியராக நான் வாங்கிய முதல் ஏச்சு அது.