ஊசிக்காரர் பெஞ்சுக்கு எதிரே

காலை ஐந்தே முக்கால். தர்மபுரி ஆஸ்பத்திரியில் அண்ணனுக்குப் பக்கத்தில், தரையில் படுத்திருந்தேன். விழித்ததும் முதலில் கண்ணில் பட்டது அவர் பாதத்துக் கட்டுத்துணி. முந்தின மாலைதான் மாற்றியிருந்தார்கள். மறுபடி சீழில் ஊறியிருந்தது.

மண்வெட்டி பட்ட சிறு வெட்டு. பென்சிலின் போட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். வீக்கம் கெண்டைக்கால்வரை ஏறிவிட்டது.

டாக்டர் அண்ணியிடம் கேட்டார்: "இதுக்கு முன்னாடி இந்த ஊசி போட்டிருக்காராம்மா?"

"சந்தைக்குச் சந்தை போட்டுக்குவாருங்க. ஒடம்பு அசதிக்கு."

காரிமங்கலம் சந்தையில் புளியமரத்தடியில் பெஞ்சு போட்டிருந்த பழைய கம்பவுண்டரைத்தான் அண்ணி சொன்னார். ஒரு குப்பி பென்சிலினை நாலு பேருக்குப் பங்கிட்டு ஏற்றுவார். இடுப்புவலிக்கும் அதுதான், சளிக்கும் அதுதான். தக்காளி வாங்கப் போகும் வழியில் ஆட்கள் ஊசி போட்டுக்கொண்டு போவார்கள்.

"அரைகுறையா ஏத்தி ஏத்திக் கிருமிக்கு மருந்து பழகிப்போச்சு. இனி கேக்காது" என்றார் டாக்டர்.

வேறு மருந்து சேலத்திலிருந்து வந்து சேர்வதற்குள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அப்போது நான் ஒரு தினசரிக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். இதையும் அனுப்பினேன், வரவில்லை. போலீசில் சொன்னேன். கேட்டுக்கொண்ட ஏட்டும் அந்தக் கம்பவுண்டரிடம் ஊசி போட்டுக்கொள்பவர்தான். அந்தப் பெஞ்சு காலியாக வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

புண் ஆறியதும் அண்ணனைச் சந்தைக்கு அழைத்துப்போனேன். பெஞ்சுக்கு நேர் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். வேட்டியைத் தொடைவரை அவரே மடித்துவிட்டுக்கொண்டார்.

வரிசையில் நின்ற ஒருவர் கேட்டார்: "காலு என்னாச்சுங்க?"

"இவருகிட்டதாங்க ஊசி போட்டுக்கிட்டிருந்தேன். நல்ல கைராசி. நீங்களும் போட்டுக்குங்க."

கேட்டவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு நகர்ந்தார்.

ஊசிக்காரர் என்னிடம் வந்தார். "தம்பி, அவர வேற எங்கயாச்சும் உக்கார வைங்களேன். எனக்கும் புள்ளகுட்டி இருக்குதுங்க."

"அவரால நிக்க முடியலைங்களே" என்றேன்.

ஒரு சந்தை விடாமல் போனோம். மழையன்று குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வரிசை தேய்ந்தது. கடைசியில் ஊசிக்காரர், ஊசி கொதிக்க வைக்கும் ஸ்டவ்வில் தனக்கு டீ போட்டுக் குடித்துக்கொண்டிருந்தார். பார்க்க எனக்கு நன்றாக இருந்தது.

பிறகு ஒரு சந்தையில் பெஞ்சைக் காணோம். பாப்பாரப்பட்டிக்கு மாற்றிக்கொண்டதாக அண்ணன்தான் விசாரித்து வைத்திருந்தார். அந்த ஊர்ச் சந்தையன்று காலையில் நான் அண்ணன் வீட்டுக்குப் போனபோது, ஸ்டூலை எடுத்து வாசலில் போட்டுவிட்டுக் காத்திருந்தார்.

காரிமங்கலத்திலிருந்து பாப்பாரப்பட்டிக்குத் தர்மபுரியில் பஸ் மாற வேண்டும். ஸ்டூலை நான் தூக்கிக்கொண்டேன்.