தண்ணிக் கஞ்சிக்கு ஒரு ஜெபம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டோ ஐம்பத்தொன்பதோ இருக்கும். கொடைக்கானலில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் சமையல்காரனாகச் சேர்ந்திருந்தேன். அதற்கு முன்னால் பத்து வருஷம் பழனி அடிவாரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கரண்டி பிடித்தவன். தைப்பூசக் கூட்டத்துக்கே சமைத்துப் போட்டவன் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஆறு கட்டில், ஒரு மருந்து அறை, முன்னால் நீளமாக ஒரு வராந்தா, அவ்வளவுதான். டாக்டரம்மா என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர், பாளையங்கோட்டைப் பக்கம். என்னை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். சிரித்தார் என்றால் அடுப்படி வரைக்கும் கேட்கும்.

எனக்கு இரண்டு வேலை. டாக்டரம்மாவுக்கும் நர்சுகளுக்கும் சமைப்பது ஒன்று. மலைக்கிராமங்களிலிருந்து நடந்து வந்து காத்துக்கிடக்கும் ஏழை நோயாளிகளுக்கு மத்தியானம் கஞ்சி ஊற்றுவது இன்னொன்று. முதல் வேலையை ரசித்துச் செய்வேன். இரண்டாவது எனக்கு வேப்பங்காய். புண்ணும் இருமலுமாய் உட்கார்ந்திருக்கிற கூட்டத்துக்கு என் கைப்பக்குவம் எதற்கு என்று நினைப்பு. ரெண்டு பிடி நொய்யைப் பெரிய பானைத் தண்ணீரில் போட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுவேன். உப்பு போட்டேனா இல்லையா என்றுகூடப் பார்ப்பதில்லை. அடுப்பு காலியானால் கறிக்குழம்பு வைக்கலாமே!

ஒருநாள் அப்படித்தான் வராந்தாவில் வரிசையாக ஊற்றிக்கொண்டே போனேன். யார் முகத்தையும் பார்க்கிற வழக்கம் இல்லை. தட்டு நீளும், ஊற்றுவேன், அடுத்த தட்டு. நடுவில் ஒரு தட்டை நீட்டிய கையில் கடிகாரம் இருந்தது. நிமிர்ந்தால், டாக்டரம்மா! ஒரு கிழவருக்கும், கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண்ணுக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

சட்டென்று கரண்டியைப் பின்னுக்கு இழுத்தேன். ஆனால் கஞ்சி அதற்குள் தட்டில் விழுந்துவிட்டது.

அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவரோ கண்ணை மூடி, கை கூப்பி, அந்தத் தண்ணிக் கஞ்சிக்காகச் சாமிக்கு நன்றி சொல்லி ஜெபம் பண்ணினார். சும்மா ஒப்புக்கு இல்லை, நிஜமாகவே நன்றி சொன்னார். பிறகு ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.

காலில் கட்டுப் போட்டிருந்த அந்தக் கிழவர் என் நிலைமை தெரியாமல் சொன்னார்: "இன்னைக்குத் தேவல தாயி. போன வாரம் ஊத்துனதுல மொகமே பாக்கலாம்."

வராந்தாவே சிரித்தது. டாக்டரம்மாவும் சிரித்தார். நான் பானையோடு அடுப்படிக்கு ஓடி வந்து, பெட்டியில் துணிகளை அடுக்க ஆரம்பித்தேன். மானம் போன பிறகு இங்கே என்ன சோலி?

பின்னாலேயே அவர் வந்துவிட்டார்.

"எங்கண்ணே கெளம்பிட்டீங்க?"

"என்னை மன்னிச்சிருங்கம்மா. நான் ஊருக்கே போயிர்றேன்."

"நீங்க போயிட்டா அந்தப் பொண்ணுக்கு யாரு சமைக்கிறது? என் பக்கத்துல புள்ளையோட உக்காந்திருந்தாளே, பூம்பாறையில இருந்து நடந்தே வந்திருக்கா. புள்ளைக்குக் குடுக்க அவகிட்ட பால் இல்ல. இப்படியே போனா புள்ள பொழைக்காது. ரெண்டு பேரையும் இங்கேயே படுக்க வைக்கப் போறேன். ஆனா அவளுக்கு என் மருந்து பாதிதாண்ணே. மீதி மருந்து ஒங்க பானையிலதான் இருக்கு."

அவர் இன்னொன்றும் சொன்னார்: "அந்த வரிசையில எங்க சாமியும் உக்காந்திருப்பாருன்னு நான் நம்புறேன். யாரு அவருன்னு நமக்குத் தெரியாது. அதனால எல்லாருக்கும் ஒண்ணுபோல ஊத்துங்க."

துணிகளை மறுபடி எடுத்துக் கொடியில் போட்டேன்.

அன்று சாயங்காலமே மலைப்பூண்டு வாங்கி வந்தேன். பூண்டைப் பாலில் வேக வைத்து, பச்சரிசியும் பாசிப்பருப்பும் குழைய விட்டு, அந்தப் பெண்ணுக்கு மூன்று வேளையும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். தினமும் காலையில் குழந்தையைத் தராசில் போட்டு எடை பார்ப்பார்கள். கையில் கரண்டியோடு நானும் போய் நிற்பேன். மூன்று நாள் முள் நகரவே இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் முள் கொஞ்சமாக நகர்ந்ததும், நான் போட்ட கூச்சலில் குழந்தை வீறிட்டு அழுதது.

"நல்லாக் கத்துது பாருங்க, தெம்பு வந்திருச்சு!" என்றார் டாக்டரம்மா.

வராந்தாக் கஞ்சியும் மாறியது. சின்ன வெங்காயம், சீரகம், தேங்காய் என்று மணக்க மணக்க வைத்தேன். அதில் ஒரு புதுத் தொல்லை வந்தது. திடகாத்திரமான ஆட்களெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசைக்கு வர ஆரம்பித்தார்கள். விறகுச் சுமை தூக்குகிற பெண்கள், உருளைக்கிழங்குத் தோட்டத்துக் கூலிகள்.

"நோயே இல்லாதவங்க வர்றாங்கம்மா, வெரட்டிரவா?" என்று கேட்டேன்.

அவர் நோயாளிகள் நோட்டை எடுத்தார். பெயருக்கு நேரே, என்ன நோய் என்று எழுதுகிற இடத்தில் 'பசி' என்று எழுதினார். அடுத்த பெயருக்கும் 'பசி'.

"இதுக்கு மருந்து ஒங்ககிட்டதாண்ணே இருக்கு. வெரசா ஊத்துங்க, வரிசை நிக்குது," என்று சொல்லி, அடுப்படி வரை கேட்கிற அந்தச் சிரிப்பைச் சிரித்தார்.

மூன்று வாரம் கழித்து பூம்பாறைப் பெண் ஊருக்குப் புறப்பட்டாள். போகுமுன் அடுப்படிக்கு வந்து, "பிடிங்கண்ணே" என்று குழந்தையை என் கையில் கொடுத்தாள். கரிபிடித்த கையாயிற்றே என்று தயங்கினேன். "பரவால்ல, இந்தக் கை பட்டுத்தானே பொழைச்சான்," என்றாள். அவன் என் மீசையைப் பிடித்து இழுத்த இழுப்பில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மீசை வலியால் மட்டும் வந்த தண்ணீர் இல்லை அது.

இன்றைக்கும் நான் கும்பிடுவது பழனி முருகனைத்தான். ஆனால் பசி என்று வந்து நிற்பவர் யாராக இருந்தாலும், சாமிக்குப் படைக்க உலை வைக்கிற அதே பயபக்தியோடுதான் அவருக்கும் அடுப்பு மூட்டுகிறேன்.