மாரிகுப்பம் ரயிலில் ஒன்பது குழாய் ரத்தம்

தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்துக்கு வழி கேட்டு எழுதுகிறீர்கள். எனக்குத் தெரிந்த வழி 1966ஆம் வருஷத்தினுடையது. அப்போது பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருந்தேன். தங்கச் சுரங்கத் தூசி நெஞ்சில் அடைத்தவர்களின் ரத்தத்தில் புரதங்கள் எப்படி மாறுகின்றன என்று எங்கள் டாக்டர் ஆராய்ந்துகொண்டிருந்தார். ரத்தம் எடுத்துவர என்னை மாரிகுப்பத்துக்கு அனுப்பினார். எனக்கு ஒரே சந்தோஷம். கல்யாணமாகி எட்டு மாதம். கணவர் ஞானராஜ் அங்கே நந்திதுர்க் ஷாஃப்டில் சுரங்கத்துக்குள் இறங்கிப் பாறை துளைப்பவர். ஞாயிறு மட்டும்தான் பார்த்துக்கொள்வோம். அன்றோ புதன்கிழமை.

பங்காருப்பேட்டையில் வண்டி மாறினேன். அங்கிருந்து பதினாறு கிலோமீட்டர். ஜன்னலில் சயனைடு மேடுகள், தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவுத்தூள் குவியல்கள், தெரிந்ததும் தலையைச் சரிசெய்துகொண்டேன்.

சுரங்க டிஸ்பென்சரியில் எட்டுப் பேருக்கு ரத்தம் எடுத்து முடித்தேன். ஒன்பதாவதாகச் சட்டைக் கையை மடித்தபடி ஞானராஜ் வந்து உட்கார்ந்தார்.

"நீங்க இன்னாத்துக்கு இங்க?"

"ரத்தம் குடுக்கப் பேரு குடுத்திருந்தேன். நீ வருவேன்னு தெரியாது."

"எத்தினி நாளா இருமல்?"

"கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்து. ஞாயித்துக்கெழம மட்டும் அடக்கிக்குவேன்."

ஊசி குத்தி ரத்தம் எடுத்தேன். பனிக்கட்டி ஃபிளாஸ்க்கில் குழாய்களை வைத்து, மடியில் அணைத்தபடி மூன்று மணி வண்டியில் திரும்பினேன்.

ரத்தத்திலிருந்து சீரம் என்னும் தெளிநீரைப் பிரித்துக் காகிதப் பட்டையில் இட்டு மின்சாரம் பாய்ச்சினால், புரதங்கள் அதனதன் வேகத்தில் நகரும். அல்புமின் முன்னால் ஓடும். காமா குளோபுலின் பின்தங்கும். மறுநாள் சாயம் ஏற்றினேன். ஒன்பதாம் பட்டையில் அல்புமின் வெளிறி, காமா தடித்திருந்தது. நாள்பட்ட நோய் இருந்தால் அப்படித் தெரியும்.

"இத வெச்சு மட்டும் நோயச் சொல்ல முடியாதும்மா. எக்ஸ்ரே எடுக்கச் சொல்லு" என்றார் டாக்டர்.

சனிக்கிழமை பட்டையோடு போனேன். ஆண்டர்சன்பேட்டை வீட்டு வாசலில் நின்று, அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் ஞானராஜ்.

"கீழ எறங்காம இருந்தா இது மாறுமா?"

"தெரியாது. உள்ள இருக்கற தூசி வெளிய வராது. புதுசா சேராது."

"மேல வந்து இன்னா செய்வேன்? எனக்குத் தெரிஞ்சது பாறதான்."

"எம் பக்கத்துல உக்காந்து இருமுங்க. அது போதும்."

எக்ஸ்ரேயிலும் தூசி தெரிந்தது. வேலையை விட்டு பெங்களூருக்கு வந்தார். மூன்று வருஷம் எல்லாக் கிழமையும் என்னோடு இருந்தார். அவ்வளவுதான் கிடைத்தது.

போகிறவர்கள் காலை வண்டியில் போங்கள். காற்றுக் காலமானால் மூக்கை மூடத் துணி வேண்டும். மேடுகளிலிருந்து தூசி பறக்கும். சுரங்கத்தை மூடிவிட்டார்கள், கீழே இறங்க விடமாட்டார்கள். அங்கே எனக்கு இப்போது யாருமில்லை. ஆனாலும் எந்த ரயிலில் போனாலும், பின்னாலிருந்து ஓர் ஆண் இருமினால் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.