இரண்டாம் குரல் டெல்பின்

டெல்பினுக்கு ஒரு வகுப்பில் போய்ச் சேருவது எளிது. அதில் இருப்பதுதான் வராது. மேலப்புதூரில் அவள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருப்போர் நலச்சங்கத்தின் ஹால் இருக்கிறது. காலையில் யோகா, பதினோரு மணிக்குத் தையல், சாயங்காலம் செஸ், ஞாயிற்றுக்கிழமை ஓவியம் என்று அந்த ஹால் பூட்டிக்கிடந்த நாள் குறைவு. யோகாவில் சேர்ந்து மூன்றாம் வாரம் நின்றாள். இந்தியில் சேர்ந்து எழுத்துகள் முடிந்ததும் நின்றாள். சுடுமண் நகை செய்யப் பழகி, ஒரு ஜோடியில் ஒற்றைத் தோடு முடித்ததோடு நின்றாள். அந்தத் தோடு இன்னும் ஃப்ரிட்ஜின் மேல் கிடக்கிறது.

"இந்த மாசம் என்ன கிளாஸ்?" என்று கணவர் ஸ்டீபன்ராஜ் கேட்பார். "முன்கூட்டியே சொல்லிட்டா, எப்ப நிறுத்தப் போறேன்னு நான் காலண்டர்ல குறிச்சு வச்சுக்கலாம்."

அவருக்கு அது வேடிக்கை. அவளுக்கு இல்லை. எதையும் கொஞ்சம் பழகியதும், இதற்காகவா வந்தோம் என்று உள்ளே ஒன்று கேட்க ஆரம்பிக்கும். கேட்டுவிட்டுப் பதிலுக்கும் காத்திராது. கல்லூரி ஒன்றின் தேர்வுப் பிரிவில் அவளுக்கு வேலை. அங்கேயும் சேர்ந்தாற்போல் அரை மணி நாற்காலியில் இருக்க மாட்டாள். ஐம்பத்து நாலு வயதில் இந்தத் தவிப்பு அடங்கும் என்று எதிர்பார்த்திருந்தாள். அடங்கவில்லை.

அவள் விடாமல் செய்தது ஒன்றுதான்: பாட்டு. பதினாறு வயதில் கோயில் பாடற்குழுவில் சேர்ந்தபோது ஆல்டோ வரிசையில் நிறுத்தினார்கள். முப்பத்தெட்டு வருடமாக அங்கேயே நிற்கிறாள். மெட்டைப் பாடுவது முன்வரிசை சோப்ரானோ பெண்கள். ஆல்டோ அதற்குக் கீழே, ஒட்டியும் ஒட்டாமலும் ஓடுகிற இரண்டாம் குரல். மெட்டு மேலே ஏறும்போது ஆல்டோ பாதியில் நின்றுகொள்ளும். பக்கத்துக் குரல் காதில் விழுந்தால் அது இழுத்துக்கொண்டு போய்விடும் என்பதால், ஆல்டோக்காரர்கள் ஒரு விரலால் ஒரு காதை அடைத்துக்கொண்டு பாடுவார்கள். தன் குரல் மட்டும் தனக்குக் கேட்கும். டெல்பினுக்கு அது பிடித்திருந்தது. அந்த ஒரு மணி நேரம் உள்ளே இருக்கும் கேள்வி வாயை மூடிக்கொண்டிருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் மார்ட்டின் என்ற இளைஞர் சங்க ஹாலில் செவ்வாய், வியாழன் ஆறிலிருந்து ஏழு வரை பாட்டு வகுப்பு தொடங்கியபோது முதலில் பெயர் கொடுத்தவள் டெல்பின். அதிலிருந்து அவள் நிற்கவில்லை. ஸ்டீபன்ராஜ் காலண்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

மார்ட்டின் இந்த வருட ஆண்டு விழாவுக்கென்று ஒரு பாட்டுக் கட்டினார். உய்யக்கொண்டான் வாய்க்காலைப் பற்றியது. வழக்கம்போல் ஒவ்வொரு குரலையும் தனித்தனியே பழக்கினார். சோப்ரானோக்கள் ஹாலில், ஆல்டோக்கள் மாடிப்படியில். கடைசிப் பத்து நிமிடம்தான் எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள். நான்கு வகுப்பு முடிந்ததும் அவருக்குத் தோஹாவில் வேலை கிடைத்து, ஒரே வாரத்தில் கிளம்பிவிட்டார். சோப்ரானோவில் நன்றாகப் பாடுகிற லிசி, மகள் பிரசவத்துக்காக லால்குடி போய்விட்டாள். மற்றப் பழைய ஆட்களும் ஒவ்வொருவராக உதிர்ந்தார்கள். மிஞ்சியது டெல்பினும், புதிதாகச் சேர்ந்து ஒரு வகுப்பும் முழுதாகப் பார்க்காத பன்னிரண்டு பேரும்.

சங்கச் செயலாளர் அற்புதசாமி நல்ல மனிதர். நல்ல செய்தியையும் கெட்ட செய்தியையும் ஒரே முகத்தோடு சொல்வார்.

"மேடம், அந்த ரெண்டு நாளையும் அபாகஸ் கிளாசுக்குக் கேக்குறாங்க. வாத்தியார் இல்லாத கிளாசுக்கு நான் எப்படி ஹாலைப் பிடிச்சு வைக்கிறது?"

"ஆண்டு விழாவுல நாங்க பாடுறோம்ல?"

"யார் சொல்லிக் குடுக்குறது?"

"நான்" என்றாள் டெல்பின். சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது.

"அப்ப பாடுங்க. விழா முடிஞ்சதும் கமிட்டி முடிவு பண்ணும்."

அந்த இரண்டு மணி நேரமும் போய்விட்டால், அவள் நிறுத்தாமல் போய்வந்த ஒரே வகுப்பும் போய்விடும். அவள் பயந்தது அதற்கு.

மூன்று வாரம் சொல்லிக்கொடுத்தாள். அவள் ஒரு வரி பாட, அவர்கள் திருப்பிப் பாடினார்கள். மார்ட்டினிடம் ஒரு பதிவு அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கலாம். தோன்றவில்லை. தெரிந்த பாட்டை யாராவது கேட்பார்களா?

திருவெறும்பூர்த் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வுபெற்ற சவரிநாதன் காலை நடையிலும் பாடிப் பழகினார். கண்ணாடிக் கடை நவ்ஷாத் வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் கடையில் பாடினார். டெல்பின் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் இருக்கும் ஜீனத் எல்லோரையும்விடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். ஆனால் மேடைக்கு மட்டும் வர மாட்டேன் என்றாள்.

"ஸ்கூல்ல ஒருதடவை மேடை ஏறி மயக்கம் போட்டு விழுந்தேன்க்கா. ஹெட்மாஸ்டர் மடியில. இன்னும் எங்க வீட்டுல சொல்லிச் சிரிப்பாங்க. நான் கீழ உக்காந்து கை தட்டுறேன்."

விழாவுக்கு முந்தைய திங்கட்கிழமை, கூடுதல் ஒத்திகைக்கு நடுவே லிசி வந்தாள். துணிமணி எடுத்துப் போக லால்குடியிலிருந்து வந்தவள், பாட்டுச் சத்தம் கேட்டு ஹாலுக்குள் நுழைந்து பின்னால் உட்கார்ந்தாள். பன்னிரண்டு பேரும் பிசிறில்லாமல் பாடினார்கள்.

*உய்யக்கொண்டான் கரையில் ஒரு காலை,*
*ஊர் விழிக்கும் முன்னே விழிக்கும் சாலை,*
*தண்ணீர் வருமென்று காத்திருக்கும் பாலம்,*
*தானும் கொஞ்சம் நடக்கப் பார்க்கும் காலம்.*

முடிந்ததும் லிசி டெல்பினை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"டெல்பின்க்கா, மெட்டு எங்க?"

"எந்த மெட்டு?"

"பாட்டோட மெட்டு. நீங்க எல்லாருக்கும் ஆல்டோவைச் சொல்லிக் குடுத்து வச்சிருக்கீங்க."

லிசி தாழ்ந்த குரலில் மெட்டைப் பாடிக் காட்டினாள். மூன்றாவது வரியில், 'தண்ணீர்' என்கிற இடத்தில், அது எம்பி மேலே போயிற்று. அப்படி ஓர் ஏற்றம் அந்தப் பாட்டில் இருப்பதே டெல்பினுக்குத் தெரியாது. நான்கு வகுப்பும் லிசிக்கு இரண்டடி பின்னால் நின்று பாடியிருக்கிறாள், காதில் விரல் வைத்துக்கொண்டு.

வீட்டுக்கு வந்து வேலை எதுவும் ஓடவில்லை. அடுக்கிய பாத்திரத்தை எடுத்து மறுபடி அடுக்கினாள். கோயிலில் பாடிய பாட்டுகளை ஒவ்வொன்றாக நினைத்து, மெட்டை மட்டும் முனகிப் பார்த்தாள். இரண்டு வரி வரும். மூன்றாவது வரியில் குரல் தானாகக் கீழே இறங்கித் தன் பழைய தடத்தில் போய் நின்றுவிடும். ஒன்றிரண்டு பாட்டில் அல்ல, பெரும்பாலானவற்றில் அப்படித்தான். முப்பத்தெட்டு வருடம் ஒன்றைச் சரியாகச் செய்தவள், அது எதில் ஒரு பகுதி என்று அறியாமலே செய்திருக்கிறாள். பிழையாகப் பாடியிருந்தாலாவது யாராவது திருத்தியிருப்பார்கள். சரியாகப் பாடியதால் ஒருவரும் எதுவும் சொல்லவில்லை.

நிறுத்திவிட்டால் என்ன என்று தோன்றியது. அதில் அவளுக்கு நல்ல பழக்கம் உண்டு.

"அபாகஸ்காரங்களே எடுத்துக்கட்டும்னு சொல்லிடலாமாங்க?" என்றாள் கணவரிடம்.

ஸ்டீபன்ராஜ் இந்தத் தடவை கேலி செய்யவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். சுற்றி வளைக்காமல், நின்றுகொண்டே சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரம்மா அப்பவே சொன்னாங்க டீச்சரம்மா" என்றார் சவரிநாதன். "இது என்ன பாட்டு, ஏறவும் மாட்டேங்குது இறங்கவும் மாட்டேங்குதுன்னு. நான்தான் அவங்களுக்குச் சங்கீதம் தெரியலன்னு சண்டை போட்டேன். இப்ப போய் மன்னிப்புக் கேக்கணுமா?"

"நான் இதை ரிங்டோனா வச்சிருக்கேன்" என்றார் நவ்ஷாத். "கேட்டவங்கள்லாம் நல்லா இருக்குன்னாங்க. பாட்டுக்குப் பக்கத்து வீட்டைப் பாத்து நல்லா இருக்குன்னு சொல்லியிருக்காங்க."

சிரித்தார்கள். டெல்பினால் சிரிக்க முடியவில்லை.

"இன்னும் அஞ்சு நாள் இருக்கு. லிசி மெட்டைப் பாடி போன்ல பதிஞ்சு குடுத்திருக்கா. எல்லாரும் மாத்திக் கத்துக்கலாமா?"

"முடியாதும்மா" என்றார் சவரிநாதன், இப்போது விளையாட்டில்லாமல். "மூணு வாரமா உருக்கி ஊத்தினது. பத்தவச்சதைப் பிரிக்க முடியாது, வெட்டத்தான் முடியும். வெட்டினா ரெண்டு துண்டும் வீணாப் போயிரும்."

"அப்ப மெட்டை யார் பாடுறது? லிசி புதன்கிழமை லால்குடி கிளம்புறா. கைக்குழந்தை வீடு, ஞாயித்துக்கிழமை வர முடியாது."

எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

அந்த வாரம் முழுதும் டெல்பின் மெட்டோடு மல்லுக்கட்டினாள். சமையலறை ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, போனில் லிசி பாட, கூடவே பாடினாள். லிசி இருக்கும்வரை வரும். போனை அணைத்ததும் மூன்றாவது வரியில் நழுவும். பஸ்ஸில் முனகினாள். கோப்புகளுக்கு நடுவே முனகினாள். நூறு தடவை பாடியிருப்பாள். பத்துத் தடவை ஏறியது, தொண்ணூறு தடவை இறங்கியது. அந்தப் பத்து எப்படி வந்தது என்று அவளுக்கே பிடிபடவில்லை.

"சனியன் பிடிச்ச பாலம்" என்று ஒருநாள் திட்டினாள்.

கீழே துணி உலர்த்திக்கொண்டிருந்த ஜீனத் நிமிர்ந்து பார்த்தாள். "இப்ப சரியாத்தான் வந்துச்சுக்கா. கடைசியிலதான் விட்டுட்டீங்க" என்றாள். டெல்பின் அதை ஆறுதல் என்று எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விழா. ஹால் நிறைந்து, வாசலிலும் நாற்காலி போட்டிருந்தார்கள். ஓவிய வகுப்பின் படங்களைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். செஸ் கோப்பை கொடுத்து முடித்ததும் அற்புதசாமி பாட்டு வகுப்பை அழைத்தார். ஜீனத் தவிர மற்றப் பதினோரு பேரும் இரண்டு வரிசையாக நின்றார்கள். டெல்பின் முன்னால் தனியாக நின்றாள். முன்னால் ஆளில்லாமல் அவள் பாட நின்றது அன்றுதான். கை பழக்கத்தில் காதுக்குப் போயிற்று. இன்று காது திறந்திருக்க வேண்டும் என்று இழுத்து வைத்துக்கொண்டாள்.

முதல் வரி வந்தது. இரண்டாவது வரியும். பின்னால் அந்தப் பதினோரு பேரும் அவள் சொல்லிக்கொடுத்ததைச் சற்றும் பிசகாமல் பாடினார்கள். அதுதான் வினையாயிற்று. அவர்கள் பாடுவது அவளுடைய சொந்தத் தடம். திறந்த காதில் அது நேராக வந்து இறங்கிற்று. 'தண்ணீர்' என்று எம்ப வாய் திறந்தாள். குரல் அவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டது. மெட்டு இல்லாமல் போயிற்று.

மூன்றாவது வரி அப்படியே, தலையில்லாமல், பாதி போயிற்று. சவரிநாதன் கண்ணை அகல விரித்தார். அப்போது கீழேயிருந்து, இரண்டாவது வரிசை நாற்காலியிலிருந்து, ஒரு குரல் 'காத்திருக்கும் பாலம்' என்று மெட்டைப் பிடித்தது. ஜீனத். எழுந்து நிற்கக்கூட இல்லை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு பாடினாள். ஐந்து நாள் ஜன்னல் வழியாகக் கேட்ட பாட்டு. டெல்பின் எங்கே நழுவுவாள் என்பதும் சேர்ந்தே அவளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது.

டெல்பின் மறுபடி மேலே ஏற முயலவில்லை. தன் தடத்திலேயே நின்றாள். காதைப் பொத்தவில்லை. தனக்குக் கீழே இருந்து தனக்கு மேலே போகும் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே, அதற்கு அடியில் தன் வரியைப் பாடினாள். பாட்டு இரண்டு தடவை திரும்பி வந்து முடிந்தது. கைதட்டினார்கள். யோகாக்காரர்களுக்குத் தட்டிய அளவுதான்.

"கூட்டத்துல ஆள் வச்சுப் பாடுறது புதுசா இருந்துச்சு மேடம்" என்றார் அற்புதசாமி, அதே முகத்தோடு. "வியாழக்கிழமை உங்களுக்கு. செவ்வாய்க்கிழமை அபாகஸ். மார்ச் வரைக்கும். அப்புறம் பாப்போம்."

பாதி கிடைத்தது. அதைப் பெற்றதா, இழந்ததா என்று எண்ணிப் பார்த்துக்கொண்டே மூன்று நாள் வீட்டுக்குள் நடந்தாள்.

வியாழக்கிழமை ஐந்தே முக்காலுக்கே ஹாலைத் திறந்து நாற்காலிகளைப் போட்டாள். போட்டதைக் கலைத்து மறுபடி போட்டாள். முதலில் வந்தவர் நவ்ஷாத்.

"டீச்சர், இன்னிக்கு எது? வீடா, பக்கத்து வீடா?"

"வீடு. ஜீனத் சொல்லிக் குடுப்பா."

ஜீனத் வாசலிலேயே நின்றாள். "அக்கா, நான் முன்னாடிலாம் வந்து நிக்க மாட்டேன்."

"வேணாம். அன்னிக்கு உக்காந்த மாதிரியே உக்காரு."

டெல்பின் ஒரு நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டாள். தனக்கு ஒன்று அதற்குப் பின்னால் போட்டு, காதில் விழுகிற தூரத்தில் இருக்கிறதா என்று உட்கார்ந்து பார்த்தாள். இல்லை என்று எழுந்து இன்னும் ஓரடி முன்னால் நகர்த்தினாள்.