நகவுளி சொன்ன குணம்

பழைய தச்சுச் சாமான் வாங்கி விற்கும் கற்பிட்டி மீராசாஹிபின் கையில் பிடியில்லாத பழைய நகவுளி ஒன்றைக் கொடுத்தால் போதும். விலையோடு, அதை வைத்திருந்த ஆளின் குணத்தையும் சேர்த்தே சொல்லிவிடுவார். பிடி இருந்தால் அது பாதியை மறைத்துவிடும், வெறும் இரும்பு எதையும் மறைக்காது என்பது அவருடைய கட்சி.

அன்று காலை அவருடைய மனைவி றைஸா, மண்ணெண்ணெயில் துருவைத் துடைத்த நகவுளி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"பழைய இரும்புக்காரர்ட வாங்கினன். பாருங்களேன்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நகம்போல் வளைந்த வாயைத் தடவினார். இரும்பில் பதிந்த கம்பனி முத்திரையை வெளிச்சத்தில் பார்த்தார்.

"நல்ல சீமைச் சாமான். உருக்கும் அரைவாசிக்கு மேல மிச்சமிருக்கு. நாலாயிரம் போகவேண்டியது."

பிடிக்குள் நுழைகிற வாலைத் திருப்பியதும் முகம் சுளித்தது. அதன் நுனி ஆணித்தலைபோல் நசுங்கிக் கிடந்தது.

"பாரு, பிடி போடாமலே சுத்தியலால அடிச்சிருக்கான். அவசரக்குடுக்கை. பிடிவாதக்காரன். பொஞ்சாதி சொல்லையும் கேட்டிருக்கமாட்டான். ஐந்நூறுக்கு மேல பெறாது."

றைஸா சிரிப்பை முந்தானையால் மறைத்தாள்.

"ஒரு சொல்லும் பிழையில்ல. இரும்புக்காரரும் இல்ல, ஒருத்தரும் இல்ல. நம்மட கோழிக்கூட்டுக் கதவு ஆடுதெண்டு, நான் வேணாம் வேணாமெண்டு சொல்லச் சொல்ல நீங்க ஆப்பா அடிச்சு இறுக்கின உளி இது. இருவது வருஷம் கழிச்சு இண்டைக்குத்தான் கழட்டினன்."

மீராசாஹிப் வாலை இன்னொருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அவ்வளவு மோசமில்ல," என்றார். "அராவி எடுத்தா மூவாயிரம் போகும்."