அக்கா விரித்த கொடி

எங்கள் எதிர்வீட்டு வெள்ளைக்காரர் பல் விளக்குகிறாரோ இல்லையோ, பொழுது விடிந்தால் வாசலில் அவர்கள் நாட்டுக் கொடியை ஏற்றிவிடுவார். சாயங்காலம் இறக்கி, கைக்குழந்தையை வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டு உள்ளே போவார். அமெரிக்கா வந்த புதிதில், உதவி செய்கிறேன் பேர்வழி என்று நான் ஒரு முனையைப் பிடிக்க, கை நழுவிவிட்டது. "தரையில் படக் கூடாது!" என்று பதறினார். அழுக்காகிவிடும் என்கிறாராக்கும் என்று நினைத்து, "துவைத்துத் தருகிறேன்" என்றேன். மனிதர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எங்கள் ஊர் கள்ளிக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த கொடியெல்லாம் ஆகஸ்ட் பதினைந்தும் ஆரஞ்சு மிட்டாயும்தானே!

இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவன் சேகர், என் அக்கா மகன். எங்களுக்குப் பிள்ளையில்லை என்று அக்கா அவனைத் தத்துக் கொடுத்தாள். சட்டப்படி நான் அப்பா. அவன் வாய்க்குக் கடைசிவரை மாமாதான். எண்பதுகளின் தொடக்கத்தில் கூட்டிவந்தபோது சின்னப் பையன். அதற்கு முன் விடுமுறைக்கு ஊருக்குப் போனால், அயனம்பாக்கம் ஏரியில் துண்டின் இரு தலைப்புகளை ஆளுக்கொன்றாகப் பிடித்து மீன் அள்ளுவோம். "தூக்கு மாமா, தூக்கு!" என்று கத்துவான். இங்கே ஏரிக்கரைப் பலகையைப் படித்துவிட்டு, "மீன் புடிக்க லைசென்ஸா? இன்னா ஊரு மாமா இது!" என்றான்.

அந்த ஊருக்காகவே பட்டாளத்தில் சேர்ந்தான். ஏன்டா என்றால், "சோறு போட்ட ஊராச்சே மாமா" என்று சிரித்தான். தொண்ணூற்றொன்றில் வளைகுடாச் சண்டையில் தண்ணீர் வண்டி ஓட்டிப் போனவன் கண்ணிவெடியில் போய்விட்டான். பாவி, இருபத்தொரு வயதுகூட ஆகவில்லை. சவப்பெட்டியைத் திறக்க விடவில்லை. மேலே போர்த்தியிருந்த கொடியை முக்கோணமாக மடித்து, ஒரு சிப்பாய் மண்டியிட்டு என்னிடம் கொடுத்தான். சேகரை அமெரிக்காவிலேயே புதைத்தோம். கொடியை எடுத்துக்கொண்டு நான் ஊருக்கு, அக்காவிடம் போனேன்.

அக்கா அழவில்லை. "முழுசா குட்த்தேன்டா உன் கைல. நீ இன்னா கொண்டாந்துகீற?" என்றாள்.

பையிலிருந்து கொடியை எடுத்து நீட்டினேன். "இது அவன் பெட்டி மேல கெடந்துதுக்கா."

முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள். பிறகு உதறி விரித்தாள். "கடைசியா எம்புள்ள மேல கெடந்த துணி. இதும் மேலதான் எல போட்டுப் படைப்பேன்." சேகர் படத்துக்கு முன்னால் தரையில் போடக் குனிந்தாள். என் கை தானாகப் போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டது.

"இன்னாடா புட்ச்சிகினு நிக்கிற? உடு."

"தரையில படக் கூடாதுக்கா. சேகருக்கே புடிக்காது."

"அதெல்லாம் அந்த ஊர்ல. எம்புள்ளைய எங்கூட்ல பட்டினி போடுவனா?"

அவளும் விடவில்லை, நானும் விடவில்லை. ஏரியில் துண்டு பிடித்து நிற்பதுபோல் இருவரும் நின்றோம். சட்டென்று தன் முனையையும் என் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள். கோபித்துக்கொண்டாள் என்றே நினைத்தேன். டிரங்குப் பெட்டியிலிருந்து தன் கூறைப்புடவையைக் கொண்டுவந்து தரையில் விரித்தாள்.

"இப்போ தரையில படாதுல்ல? எறக்கு."

இறக்கினேன். புடவைமேல் கொடி, கொடிமேல் இலை. சுடுசோறு, அவனுக்கு உயிரான கருவாட்டுக் குழம்பு. "வா நைனா, சாப்ட வா" என்று கூப்பிட்டபோதுதான் அக்கா உடைந்தாள். நானும் வாய்விட்டு அழுதேன்.

திரும்பி வந்ததும் எதிர்வீட்டுக்காரர், "பையனின் கொடியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறாயா?" என்று கேட்டார். "அவன் அம்மாவிடம் இருக்கிறது" என்றேன். உடனே எங்கள் ஜன்னலில் நின்ற என் மனைவியைப் பார்த்து, தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தார். அதுவும் பொய்யில்லையே என்று விட்டுவிட்டேன்.

இப்போதெல்லாம் அவர் கொடி இறக்கும் நேரத்துக்கு நானும் போய் ஒரு முனையைப் பிடித்துக்கொள்கிறேன். நழுவவிடுவதில்லை. மடித்துக் கொடுக்கும்போது எனக்கு மட்டும் கருவாட்டுக் குழம்பு மணக்கிறது.